அம்பு ஸ்டிக்கர் ஒட்டிய அக்கா

இடித்துவிட்ட பனியன் கம்பெனி ஒன்றைக் காகிதத்தில் செய்து, அது ஓடிய காலத்து வீடியோவை அதன் சுவரிலேயே ஓடவிட்டு, நல்லூரில் கண்காட்சி வைத்தேன். வந்தவர்கள் பாராட்டியதில் எனக்குத் தலை கொஞ்சம் வீங்கியிருந்தது.

கண்ணாடியைக் கயிற்றில் கோத்து மாட்டியிருந்த ஒரு அக்கா வந்தார். அந்தக் கம்பெனியில் இருபது வருடம், தைத்த பனியனில் பிழை பார்த்து அம்பு ஸ்டிக்கர் ஒட்டும் செக்கிங்கில் இருந்தவராம். பழக்கதோஷத்தில், என் காகிதக் கம்பெனியிலும் பிழை கண்ட இடமெல்லாம் கைப்பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் எடுத்து ஒட்டினார். படி ஒன்று குறைவு. எல்லாரும் அடியில் நின்று டீ குடிக்கும் வேப்பமரத்தைக் காணோம்.

கடைசி ஸ்டிக்கரை உள்ளே ஜன்னலோரக் காகித மேசையில் ஒட்டினார்.

“இதுல என்னங்க்கா தப்பு?”

“நான் இல்லியே கண்ணு. வீடியோவுலயும் தேடிப் பாத்துட்டேன், அதுல பூரா முதலாளிதான் வர்றாரு.”

அவரைக் காகிதத்தில் செய்து அங்கே உட்கார வைக்க இன்னும் முயல்கிறேன். என் கையில் எது செய்தாலும் முதலாளி சாயலிலேயே வருகிறது.