பதினோரு மணிக்குக் காலியாகும் கூடம்

தர்மாம்பாள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது அறுபத்தெட்டில். நாற்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது வந்திறங்குகிற விருந்தாளிகள் அவளைச் சமையல்காரம்மா என்றுதான் நினைக்கிறார்கள். அவளும் திருத்துவதில்லை. "வீட்டுக்காரங்கன்னு சொன்னா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்மா" என்று சிங்கப்பூரிலிருந்து மகன் நாகநாதன் சொல்லிவிட்டான். அவளுக்குச் சங்கடமாக இருக்குமா என்று அவன் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் எதைத்தான் சொல்ல முடிகிறது?

திருவையாற்றுக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய வீடு வேறு கிடையாது. கணவர் தியாகராசனின் நிலத்தில் பாதி உச்சவரம்புச் சட்டத்தில் போயிற்று. மீதியில் பெரும்பகுதி, குத்தகைக்காரர் ஐயாவுவோடு பதினெட்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து தோற்றதில் போயிற்று. எஞ்சிய துண்டையும் விற்றுத்தான் நாகநாதன் வீட்டுக்கு ஏசி, வெந்நீர்க் குழாய், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் வைத்தான். தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில், ஊஞ்சல், நிலைக்கண்ணாடி எல்லாவற்றோடும் சேர்த்து நாள் வாடகைக்கு விட்டான். பெற்றவர்களுக்குக் கொல்லையில் மாட்டுக்கொட்டிலைத் தடுத்து ஓர் அறை. மாடு இருந்தவரைக்கும் அது நல்ல கொட்டில்தான்.

அந்தத் தை மாதம் ஆராதனை சமயத்தில் படுத்த தியாகராசன் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்பாவப் போட்ட எடத்துல என்னையும் போடு. கூடத்துல."

அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் உயிர் போனது கூடத்தில் விரித்த பாயில்தான். இப்போது கூடத்தில் சென்னைக்காரர்கள் மெத்தை போட்டுப் படுத்திருந்தார்கள். தர்மாம்பாள் மகனுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குக் காலி பண்ணிடுவாங்கம்மா. அதுவரைக்கும் பாத்துக்க. வந்தவங்ககிட்ட சாவுன்னு எப்படிம்மா சொல்றது?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கேள்விப்பட்டு ஓடி வந்தவர் ஐயாவுவின் மகன் இராஜாங்கம். கொட்டிலுக்குள் குனிந்து பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா இது, ஐயாவ இங்க போட்டு வச்சிருக்கீங்க? நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். கூடம் சும்மாதான் கெடக்கு. வெளியில நாலு பேரு நிக்கிறாங்க."

தியாகராசனின் விரல்கள் அசைந்தன. கண் இராஜாங்கத்தின் பக்கம் திரும்பியது. சரி என்கிறார். அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பழைய வழக்கு நெஞ்சில் வந்து குறுக்கே நின்றது. நம் வாசலில் கைகட்டி நின்றவன் பிள்ளை வீட்டிலா, நம்மைக் கோர்ட்டில் ஜெயித்தவன் வீட்டிலா இவர் போக வேண்டும்? ஊர் என்ன பேசும்?

"பதினொண்ணுக்குக் காலியாயிடும் இராஜாங்கம். இருக்கட்டும்."

இராஜாங்கம் வெளியே போய் நின்றுகொண்டார். முன்கட்டில் காபி கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்தரைக்குத் தியாகராசன் தகரக் கூரையைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். வாய்விட்டு அழுதால் உள்ளே கேட்கும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிள்ளையையோ விருந்தாளிகளையோ குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கிடைத்த கூடத்தை வேண்டாம் என்றது அவள்தான்.

கார் கிளம்பிய பிறகு இராஜாங்கமும் அந்த நாலு பேருமே உடலைத் தூக்கிவந்து கூடத்தில் கிடத்தினார்கள். போனில் நாகநாதன் கதறிவிட்டான். அப்புறம் தேறிக்கொண்டு சொன்னான்:

"வர்ற பார்ட்டி எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டேம்மா. பதினாறு நாளைக்கு யாரும் வரமாட்டாங்க. வீடு முழுக்க உனக்குத்தான்."