வெள்ளிக்கிழமை போட்ட யூனிஃபார்ம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெங்களூரில் வேலை முடித்து, கோலார் தங்கவயலில் இருக்கும் எங்கள் ஊரிகம் திரும்பிக்கொண்டிருந்தேன். பங்காருபேட்டையில் ரயில் நின்றது நின்றதுதான். ஒரு மணி நேரமாகியும் கிளம்பவில்லை. பொழுது போகாமல் மஸ்கட்டில் இருக்கும் என் மகளுக்கு வீடியோ கால் போட்டேன்.

மகள் குடும்பம் அங்கே போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. மருமகன் ஏசி மெக்கானிக். பேத்திக்கு எட்டு வயது. அவர்களின் அன்றாடம் எனக்கு மனப்பாடம். காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்து மருமகனை ஏற்றிக்கொள்ளும். ஆறரைக்குப் பேத்தியின் ஸ்கூல் பஸ். தினமும் சாயங்காலம் ரயிலிலிருந்து நான் கூப்பிடும்போது பேத்தி யூனிஃபார்மோடு வந்து நின்று, அன்று வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்வாள். வெள்ளி, சனி மட்டும் நான் கூப்பிடுவதில்லை. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. ஆராதனைக்குப் போவதுகூட வெள்ளிக்கிழமைதான்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் உண்டு. நான் தவறாமல் எழுந்து நிற்பேன். "சொரங்கம் மூடினப்ப கஞ்சிக்கே கஷ்டப்பட்ட குடும்பம். இன்னிக்கு எம் பேத்தி வெளிநாட்டுல படிக்கிறா" என்பேன். சபையே ஸ்தோத்திரம் சொல்லும். ஆராதனை போனில் லைவாகப் போகும். மகளும் அங்கிருந்து பார்ப்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை போனை எடுத்தது பேத்திதான். வீட்டில் போடும் கவுனில் இருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஒரு நிமிஷம் தாத்தா" என்று போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரம் மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது கவுனுக்கு மேலே யூனிஃபார்ம் சட்டை. பட்டன்கள் மாறிப் போயிருந்தன.

"இன்னிக்கு ஸ்கூல்ல இன்னாமா?"

"மேத்ஸ் டெஸ்ட் தாத்தா. பத்துக்குப் பத்து!"

பல வருடமாக அதே பெட்டியில் என்னோடு வரும் நண்பர் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, வெள்ளிக்கெழம அங்க லீவுன்னுவ? உம் பேத்தி இப்பவே கலெக்டருக்குப் படிக்குதா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஸ்பெஷல் கிளாஸா இருக்கும், போப்பா" என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்தேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கிழமை தப்பாது. அன்றிரவே மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எழுந்து சாட்சி சொன்னேன். பத்துக்குப் பத்து வாங்கியதையும் சேர்த்தே சொன்னேன்.

மறு சனிக்கிழமை மகளே கூப்பிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். மருமகன் புதன்கிழமை ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து, மூன்று நாளாக அறையிலேயே கிடக்கிறாராம்.

"ஆஸ்பத்திரிக்கு இன்னாத்துக்கு இட்னு போகல?"

"கார்டு இல்ல டாடி. போனா புடிச்சிக்குவாங்க."

கம்பெனியை மூடி எட்டு மாதமாம். அங்கே தங்குவதற்கான கார்டு காலாவதியாகிவிட்டது. கார்டு இல்லாததால் பள்ளியில் பேத்தியின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். மருமகன் கிடைத்த கூலி வேலைக்கு ஒளிந்து ஒளிந்து போயிருக்கிறார். மகள் பக்கத்து அறைப் பையன்களுக்குச் சமைத்துக் கொடுத்திருக்கிறாள். குழந்தை நாளெல்லாம் பூட்டிய அறைக்குள். நான் கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் யூனிஃபார்ம்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாமா?"

"எப்டி டாடி சொல்றது? ஞாயித்துக்கெழம லைவுல பாக்கறேனே. நீங்க எழுந்து நிப்பீங்க, எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுவாங்க. அவங்க முன்னாடி உங்கள பொய்யனாக்க மனசு வரல."

மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்தேன். "போன வாரம் நான் சொன்னது பொய். மனசுக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன்" என்று நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி வந்து, மஸ்கட்டில் இருக்கும் தன் தம்பியின் நம்பரைக் கொடுத்தார். அந்தத் தம்பிதான் அன்றே ஒரு டாக்டரைக் கையோடு அழைத்துப்போய்க் கட்டுப் போட வைத்தார். அவர்களை ஊருக்கு அனுப்பத் தூதரகத்துக்கும் அலைந்தார். முகம் தெரியாத அவருக்காக இன்றும் ஜெபிக்கிறேன்.

அவர்கள் ஊர் வந்து சேர நாலு மாதம் ஆனது. அதற்குள் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கோலார் டாக்டர், "மொதல்லயே ஆபரேஷன் பண்ணியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். ஏணி ஏற முடியாத மருமகன் இப்போது ஒரு கடையில் உட்கார்ந்து மிக்சி ரிப்பேர் செய்கிறார். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. "விடுங்க மாமா" என்பார், அவ்வளவுதான்.

பேத்தி ஒரு வகுப்பு கீழே சேர்ந்து படிக்கிறாள். விடியலில் நான் ரயிலுக்குக் கிளம்பும்போது எழுந்து வந்து, "தாத்தா, இன்னிக்கு இன்னா கெழம?" என்று கேட்பாள். நான் சொன்ன பிறகுதான் யூனிஃபார்மை எடுப்பாள்.

அந்த வெள்ளிக்கும் மருமகன் விழுந்த புதனுக்கும் நடுவில் ஐந்து நாள் இருந்தது. கர்த்தர் என்னை மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் மருமகன் காலை இழுத்து இழுத்து வாசற்படி ஏறும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்த ஐந்து நாளில் என் மகளிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி எனக்கு நினைவு வருகிறது.