நான்கு கிலோமீற்றர்

செயலாளர் அம்மையாரின் மேசையில் ஒரு தட்டைப் பென்சில் இருக்கும். தச்சர்மார் பலகையில் கோடு போடப் பாவிப்பார்களே, அந்தச் சிவப்புப் பென்சில். மாகாண சுகாதார அமைச்சின் செயலாளருக்கு இது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "இது மேசையில உருளாது. குனிஞ்சு தேடுற நேரம் மிச்சம்" என்றார். கையெழுத்துக்குப் பேனை, கேள்விக்குப் பென்சில் என்பது அவருடைய வழக்கம். திட்டமிடல் கிளையில் நான் பதினெட்டு வருடங்கள் வேலை செய்திருந்தேன். அதுவரை என் அறிக்கையின் ஓரத்தில் எவரும் கேள்வி எழுதியதில்லை. அவர் பொறுப்பேற்ற மூன்றாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை 9.15க்கு, என் அறிக்கை ஒன்று திரும்பி வந்தது. "4 கி.மீ." என்று நான் எழுதியிருந்த இடத்துக்கு அருகில் பென்சிலால் இரண்டு சொற்கள் இருந்தன: "ஆர் போனது?"

அந்த அறிக்கை சிறிய தாய்-சேய் கிளினிக்குகளைப் பற்றியது. மருத்துவமாதர்களுக்குத் தட்டுப்பாடான காலம். ஐந்து கிலோமீற்றருக்குள் பெரிய கிளினிக் ஒன்று இருந்தால் சிறியதை மூடிவிட்டு, அங்கு வேலை செய்பவரைப் பெரியதில் சேர்ப்பது என்று ஒரு விதி வகுக்கப்பட்டிருந்தது. பட்டியல் தயாரித்தது நான். அதில் பதினொரு கிளினிக்குகள் இருந்தன. ஒன்பதாவது, கடல்நீர்க் களப்புக்கு அக்கரையில், மீன்பிடிக் குடும்பங்கள் வாழும் ஊரொன்றில் இருந்தது. இரண்டு அறைகளும் வாசலில் ஒரு வேம்பும்தான் அந்தக் கிளினிக். வியாழக்கிழமை மாகாண மட்டக் கூட்டம். அங்கே பட்டியல் ஏற்றுக்கொள்ளப்பட்டால் மாத முடிவில் அந்தக் கட்டடம் பூட்டப்பட்டு அதன் திறப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும்.

நான் அளவுகளில் கவனமானவன். பஸ் வந்த நேரத்தைக்கூட நாட்குறிப்பில் எழுதி வைப்பவன். ஆகவே அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. என் கதிரைக்குப் பின்னால் மாவட்ட வரைபடம் தொங்கியது. அதில் அடிமட்டத்தை வைத்து மூன்று தரம் அளந்திருந்தேன், மூன்று தரமும் நான்குதான் வந்தது. அறிக்கையை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். ஓர்ஸ் ஹில் என்ற மேட்டில் இருந்த அந்த அறையின் யன்னலால் உள்துறைமுகம் தெரியும். அவர் எழுந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். சிரித்தால் கீழ்மாடிக்குக் கேட்கும்.

"மெடம், மூண்டு தரம் அளந்தனான்."

"எதில?"

"வரைபடத்தில."

"வரைபடத்தில பிள்ளைத்தாச்சி நடக்கிறதில்லையே. நாளைக்கு நீங்களும் நானும் போவம். அந்த ஊரில இருந்து ஒரு தாய் பெரிய கிளினிக்குக்கு எப்பிடி வருவாவோ, அப்பிடியே வருவம்."

மறுநாள் காலை அமைச்சின் சாரதி எங்களை அந்த ஊரில் இறக்கினார். களப்பைச் சுற்றி வாகனத்தில் வந்து பெரிய கிளினிக்கின் வாசலில் காத்திருக்கும்படி செயலாளர் அவரிடம் சொன்னார். "மெடம், என்னைச் சாடையாக் கழட்டி விடுறீங்களோ?" என்று அவர் கேட்டார். "ஓம், உங்கட வாகனம் இருந்தா எங்களுக்குத் தூரம் தெரியாது" என்றார் அம்மையார். தெருவழியாக அது இருபத்தேழு கிலோமீற்றர் என்பதைச் சாரதியின் மீற்றரில் பின்னர் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்தத் தெருவில் பஸ் ஓடுவது காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் மட்டுமே.

கிளினிக்கில் இருந்த மருத்துவமாது எங்களை மகிழ்ச்சியோடு வரவேற்றார் என்று சொல்ல முடியாது. பட்டியலைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "மூடினா எனக்குச் சுகம்தான் மெடம். டவுனுக்குக் கிட்ட வந்திடுவன். இந்தப் பிள்ளையள்தான் என்ன செய்யப் போகுதுகளோ" என்றார். அன்று ஸ்கேன் எடுக்கப் பெரிய கிளினிக்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியிடம், எங்களையும் கூட்டிப்போகும்படி சொன்னார். நாங்கள் யார் என்று விளக்கவில்லை, "ஒஃபிஸ் ஆக்கள்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா, இந்தச் சீலையோடயோ வள்ளத்தில ஏறப் போறீங்கள்?" என்று செயலாளரைக் கேட்டாள். அமைச்சில் எல்லோருக்கும் 'மெடம்' ஆக இருந்தவர், அந்த 'அக்கா'வை ஒரு பரிசுபோல வாங்கிக்கொண்டதை நான் கண்டேன்.

புறப்பட்டது 8.40. ஆறு பேராவது சேர்ந்தால்தான் வள்ளம் கிளம்பும். கரையில் காத்திருந்து 9.30க்கு ஏறினோம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கியிருந்த நாட்கள். நேரே போக ஏலாது என்று வள்ளக்காரர் சொல்லிவிட்டு, கண்டல் மரங்களின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி ஓட்டினார். அலை பக்கவாட்டில் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பெண் ஒரு கையால் வயிற்றையும் மறுகையால் வள்ளத்தின் விளிம்பையும் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் வாய் ஓயவில்லை.

"ஆரோ ஒரு மனிசன் நாலு கிலோமீற்றர் எண்டு எழுதினவராம். கிளினிக் மிஸ் சொன்னவ. அந்தாள் கொக்காப் பிறந்து பறந்திருந்தா சரிதான்."

செயலாளர் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. பிறகு அவர் என் பக்கம் திரும்பாமல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதா விடுவதா என்பதை என்னிடமே விட்டுவிட்டார் என்று விளங்கியது.

"தங்கச்சி, அது நான்தான்" என்றேன்.

"நீங்களோ? அப்ப இந்தக் குடையைப் பிடியுங்கோ அண்ணை, எனக்குக் கை உளையுது" என்றாள். மிச்சத் தூரம் முழுவதும் அவளுக்குக் குடை பிடித்தேன். எனக்குக் கிடைத்த தண்டனைகளில் அதைவிட நியாயமான ஒன்றை நான் அறியேன்.

கரைக்கு முன்பே தண்ணீர் வற்றிப்போய் வள்ளம் சேற்றில் இருந்துவிட்டது. எல்லோரும் இறங்கி நடந்தோம். செயலாளரின் இடக்கால் செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. வள்ளக்காரரும் நானும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தோம், அகப்படவில்லை. செயலாளர் மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மணல் ஒழுங்கையில் அந்தப் பெண்ணோடு கதைத்தபடி முன்னே நடந்தார். கிணறு எங்கே, மாரியில் என்ன செய்வீர்கள், முதற்பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். மாரி காலத்தில் வள்ளமும் ஓடாது என்றாள் அவள். பிறகு இக்கரைத் தெருவில் ஓடும் பஸ். பெரிய கிளினிக்கின் வாசலை அடைந்தபோது 11.50. இரண்டரை மணித்தியாலத்துக்கு முன்பே வந்துவிட்ட சாரதி, கையில் கடித்த வடையோடு எழுந்து நின்றார். வெறுங்காலோடு நின்ற செயலாளரைப் பார்த்துவிட்டு, "மெடம், நீந்தியோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

அன்றிரவு அறிக்கையைத் திருத்தினேன். "வரைபடத்தில் 4 கி.மீ. என்பது எனது பிழையான அளவு. தாயொருவரின் பயணம் 3 மணி 10 நிமிடம்." காலையில் அது திரும்பி வந்தபோது, 'எனது' என்பதைப் பென்சிலால் வெட்டி 'எமது' என்று மாற்றியிருந்தார். வேறு எதையும் தொடவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பந்தியை என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பெரிய மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் ஆட்சேபித்தார். விதி ஐந்து கிலோமீற்றர் என்கிறது, ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தால் எல்லா ஊர்களும் கேட்கும் என்றார். நியாயமான ஆட்சேபம்தான். முந்தின வாரமென்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். செயலாளர் குரலை உயர்த்தவில்லை.

"கேக்கட்டும் சேர். கேக்கிற ஊருக்கெல்லாம் போய்ப் பாப்பம். எனக்கு இன்னும் ஒரு சோடி செருப்பு இருக்கு."

தலைமை தாங்கியவர்தான் முதலில் சிரித்தார். இருபது நிமிடங்களில் முடிவு எழுதப்பட்டது. அக்கரைக் கிளினிக் தன் மருத்துவமாதுடன் அப்படியே இயங்கும். மற்றப் பத்துக்கும் யாராவது நேரில் போய்ப் பயண நேரத்தை எழுதும்வரை ஒன்றையும் மூடுவதில்லை. அடுத்த இரண்டு மாதங்களும் எங்கள் கிளையில் எல்லோரும் வெயிலில் கறுத்துப்போனோம். முறைப்பாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யார் எந்த ஊரில் என்ன சாப்பிட்டோம் என்று கதைத்துச் சிரித்த அளவுக்கு, அதற்கு முன் அந்தக் கிளை சிரித்ததில்லை.

அம்மையார் இப்போது கொழும்பில் வேறொரு பதவியில் இருக்கிறார். புதிதாக வந்த உத்தியோகத்தர்களின் கையில் கைபேசி வரைபடம் இருக்கிறது. தூரத்தை மீற்றர் கணக்கில் அது சொல்லிவிடும். ஆனாலும் எங்கள் படிவத்தில் தூரம் என்ற நிரலுக்குப் பக்கத்தில் பயண நேரம் என்றொரு நிரல் இருக்கிறது. அதை நிரப்பாமல் கொண்டுவருபவரை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். என்னைக் கண்டிப்பானவன் என்று முணுமுணுக்கிறார்கள், சந்தோசமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வியாழக்கிழமையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி கூட்டத்துக்குப் பின் வந்தது. அக்கரையில் அன்று கிளினிக் நாள். செயலாளர் அறைக்குத் திரும்பும்வரை பொறுக்காமல் நடைவழியில் நின்றபடியே மருத்துவமாதுக்குத் தொலைபேசி எடுத்தார். "மிஸ், கிளினிக்கை மூடேல்லை. நீங்களும் அங்கதான்" என்றார். மறுமுனையில் "கொஞ்சம் இருங்கோ மெடம்" என்ற குரலும், கதவு திறக்கும் ஓசையும், வெளியே யாருக்கோ அவர் உரத்துச் சொல்வதும் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டன. அடுத்த கணம் பெண்கள் குரவையிட்டார்கள். கலியாணத்திலும் கோயிலிலும் நாங்கள் கேட்கிற அந்தக் குரவை, அமைச்சின் நடைவழியில், ஒரு சிறிய கைபேசிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. செயலாளர் கைபேசியை என் காதுக்கு நேராக நீட்டினார். கோப்புகளோடு போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்தது 11.20 என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அறைக்குத் திரும்பியது எத்தனை மணிக்கு என்று இல்லை. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.