அண்ணி கேட்ட பழைய கார்

பட்டறையில் எனக்குப் பாம்புக்காது என்று பெயர். ஒரு காரின் அடித்தகட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். எங்கே துரு தின்றிருக்கிறது, எங்கே பட்டிப் பசை அப்பி மூடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். தகடு தட்டும் டிங்கர் வேலையில் முப்பது வருடம் ஓட்டியவனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, என் அண்ணியைப் பற்றி. அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் என் மூக்கு உடைந்த கதையும் கூடவே வரும். வரட்டும், பட்டறையே சிரித்து முடித்த விஷயம்தானே.

அண்ணி கார் சீட் தைப்பவர். அதே பட்டறையின் பின்மூலையில் ஒரு தையல் மிஷின், ஒரு நீள மேசை, சுவர் நிறைய ரெக்சின் சுருள்கள். அவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பார். அந்தப் பத்து மாதமும் இரண்டு பெண்களையும் வீட்டையும் இழுத்துப் பிடித்து நடத்தியது அண்ணிதான். இருபத்தாறு வருடத்தில் அவர் கை படாத சீட்டில் உட்கார்ந்த பெரிய மனுஷன் எங்கள் பக்கத்தில் குறைவு. அவர் மட்டும் சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

நாற்பத்தைந்தாவது வயதில், யாரிடமும் மூச்சு விடாமல் கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன அண்ணி, லைசென்ஸ் இருக்கு. வண்டி எங்க?"

"வரும் தம்பி. அதுக்கு என்ன அவசரம்?"

"புதுசா ஒண்ணு எடுத்துட வேண்டியதுதானே?"

"புதுசுல எல்லாத்தையும் அவங்களே தைச்சு அனுப்பிடுறாங்க. நான் போய் விருந்தாளி மாதிரி உட்காரணுமா? எனக்கு என் கை பட்ட வண்டி வேணும்."

அப்படி ஒரு வண்டிக்காக ஐந்து வருடம் காத்திருந்தார். கடைசியில் அது ஒரு டீச்சர் வீட்டுக் கொட்டகையில் கிடைத்தது. கிடைத்தது என்றா சொன்னேன்? கிடந்தது என்று சொல்ல வேண்டும். டீச்சரின் கணவர் ஓட்டியது; அவர் போன பிறகு பதினான்கு வருடமாக யாரும் தொடவில்லை. டீச்சர் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார். சனிக்கிழமைக்குள் கொட்டகை காலியாக வேண்டும். பழைய சோபாவுக்கு உறை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில் அண்ணி வண்டியைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

டீச்சர் கணக்கு வாத்தியார். எதையும் முடிவாகப் பேசுகிறவர். "ஓட்டுறதா இருந்தா சும்மாவே தர்றேன் அம்மா. ஆனா ஓடாத வண்டியை உன் தலையில கட்டிட்டுப் போக எனக்கு மனசு வராது. தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வா. தேறும்னு சொன்னா உனக்கு. தேறாதுன்னா சனிக்கிழமை பழைய இரும்புக்காரருக்கு."

தெரிஞ்ச ஆள் நான்தானே. வியாழக்கிழமை போனேன். மண் தரை, ஒற்றை ஜன்னல், அரை இருட்டு. முகப்பு விளக்கு ஒன்று இல்லை. கதவின் கீழ்விளிம்பு அப்பளம் மாதிரி கையோடு வந்தது. இன்ஜின் மூடியைத் திறந்தால் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. கதவு செய்துவிடலாம், விளக்கு தேடிவிடலாம், இன்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டிவிடலாம். அடித்தகடும் சேஸிஸும் போயிருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

கீழே படுத்துத் தட்டினேன். 'தொப்' என்றது. நல்ல தகடு அப்படிப் பேசாது. காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. திருப்புளியை எடுத்துக் குத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கி, பழுப்பாகத் தூளைக் கொட்டியது. நாலைந்து இடத்தில் குத்தினேன். எல்லா இடத்திலும் அதே கதை.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "தேறாது டீச்சர்," என்றேன். "அடி மொத்தமும் உளுத்துப் போச்சு. இது மேல ஏறி உட்கார்ந்தா கால் ரோட்டுல இருக்கும்."

அண்ணியின் முகம் சுருங்கிப் போனது. டீச்சருக்கே பாவமாகிவிட்டது போல; "அந்தப் பின்சீட்டையாவது எடுத்துட்டுப் போம்மா," என்றார். அதைத் தூக்கி ஆட்டோவில் வைக்கும்போது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தொழிலில் பொய் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணி என் முன்னால் வந்து நின்றார். உள்ளங்கையில் ஒரு பிடி சின்ன ஆணிகள்.

"தம்பி, இதைப் பாருங்க."

"ஆணி. அதுக்கென்ன?"

"அந்தப் பின்சீட்டுல அடித்துணியைப் பிடிச்சிருந்த ஆணி. வண்டித் தரையோட ஒட்டிக் கிடந்தது. ஒண்ணுலயாவது துரு இருக்கா சொல்லுங்க."

இல்லை. நேற்று கடையில் வாங்கியது போல் பளிச்சென்று இருந்தன. நூலையும் காட்டினார். பருத்தி நூல், இழுத்துப் பார்த்தேன், அறுந்துபோகவில்லை.

"தரை ஓட்டையான வண்டியில இருந்து ஒரு முழு ஆணி நான் எடுத்ததே இல்ல தம்பி, இந்த இருபத்தாறு வருஷத்துல. மண் தரைக் கொட்டகை, பதினாலு மழைக்காலம். கீழ ஓட்டை இருந்தா ஈரம் ஏறி முதல்ல போறது இந்த ஆணிதான். நீங்க சொன்னது தப்பு."

எனக்குச் சுருக்கென்றது. என் தொழிலில், என் முகத்துக்கு நேரே, சீட் தைக்கிறவர் வந்து தப்பு என்கிறார். பெயின்ட் அடிக்கிறவன்கூட வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறான்.

"அண்ணி, ஆசை கண்ணை மறைக்குது. காந்தம் பொய் சொல்லுமா? திருப்புளி பொய் சொல்லுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆணி பொய் சொல்லாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிஷின் சத்தம் அன்று முழுக்கப் பேயாட்டம் ஆடியது.

சனிக்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணி அங்கே போய் ஏதாவது பேசி அவமானப்படப் போகிறாரே என்ற பயம். போனால், வாசலில் லாரி. பழைய இரும்புக்காரர் வண்டியை வெட்டக் காஸ் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். டீச்சர் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காரின் ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி நிற்க, முட்டுக் கொடுத்த கட்டைகளுக்கு நடுவே அண்ணியின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஆறு மணிக்கு வந்துட்டா," என்றார் டீச்சர். "ஒரு முழ இடம் சுரண்டிப் பார்த்துட்டு விட்டுடறேன்னு சொல்றா. உங்க கணக்கும் அவ கணக்கும் ஒத்து வரலையே. அதான் பார்க்கட்டும்னு விட்டேன்."

நான் குனிந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. அண்ணி மண்ணெண்ணெய் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு, ரெக்சின் வெட்டும் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். கட்டி கட்டியாகக் கறுப்பாக உரிந்து விழுந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். தார். தாருக்குள் சாக்குத் துணி. அதற்கு மேல் மறுபடி தார், மறுபடி சாக்கு. இரண்டு விரல் கனம். மேலடுக்குச் சாக்கு மக்கிப் பழுப்பாகத் தூளாகிக் கிடந்தது. நான் துரு என்று நினைத்தது அந்தத் தூளைத்தான்.

"டீச்சர், சார் என்ன வேலை பார்த்தாரு?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ரோடு போடுற கம்பெனில மேஸ்திரி. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி இதுக்குக் கீழ படுத்து எதையாவது பூசிட்டே இருப்பாரு. சட்டை நாசமாகுதேன்னு நான் கத்துவேன்."

அண்ணி கீழேயிருந்து கையை மட்டும் நீட்டினார். "தம்பி, சுத்தியலைக் குடுங்க."

கொடுத்தேன். ஒரு தட்டு. 'டங்ங்' என்று கொட்டகை முழுக்க மணி அடித்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு இடத்தில் தட்டினார். டங்ங். அப்புறம் சேஸிஸில். அதுவும் டங்ங். நான் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டேன். சுரண்டிய இடத்தில் தகடு வெள்ளிச் சாம்பல் நிறத்தில், ஒரு பொட்டுத் துரு இல்லாமல் இருந்தது. என் காது, காந்தம், திருப்புளி மூன்றும் தாரிலேயே நின்றுவிட்டன. தகடு வரைக்கும் ஒன்றுகூடப் போகவில்லை. முப்பது வருடமும் அழகான பூச்சைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். அசிங்கமான பூச்சுக்குக் கீழே நல்ல தகடு இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வெளியே வந்து, டீச்சர், இரும்புக்காரர் இருவர் காதிலும் விழும்படி சொன்னேன். "நான் சொன்னது தப்பு. அண்ணி சொன்னதுதான் சரி. வண்டி தேறும். ஜோராத் தேறும்."

இரும்புக்காரர் சிலிண்டரை மறுபடி லாரியில் ஏற்றினார். டீச்சர் எழுந்து உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து, தாரும் மண்ணெண்ணெயும் ஒட்டிய அண்ணியின் கையில் வைத்தார். அண்ணி அழவும் செய்தார், சிரிக்கவும் செய்தார். எனக்கு வாயெல்லாம் பல்.

ஒன்பது மாதம் பிடித்தது. கதவுகளை நான் செய்தேன், சம்பளம் கேட்கவில்லை. கேட்கிற மூஞ்சியா என்னுடையது? இன்ஜினைப் பட்டறையே சேர்ந்து பிரித்துப் பூட்டியது. சீட்டுகளை அண்ணி தைத்தார், கரும்பச்சை நிறத்தில், ஒரு தையல் கோணாமல்.

அண்ணன் கப்பலிலிருந்து இறங்கிய அன்று துறைமுக வாசலுக்கு நானும் கூடப் போனேன். அண்ணன் பெட்டியோடு வந்தார், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பானெட்டைத் தடவினார், கண் விரிந்துவிட்டது. பிறகு நேராக ஸ்டியரிங் பக்கம் போய்க் கதவைத் திறந்து, அண்ணி இறங்குவதற்காகக் காத்து நின்றார்.

அண்ணி இறங்கவில்லை. இன்ஜினைக் கிளப்பினார்.

"அந்தப் பக்கம் ஏறுங்க," என்றார்.