எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஓடிய மூன்று ஆல்பங்கள்

போன மாதம் ஒரு யூடியூப் சேனலில் நாலு பேர் உட்கார்ந்து, கடந்த பத்து வருஷத்தில் தமிழ் இசையையும் அதைக் கேட்கிறவர்களையும் அதிகமாக மாற்றிய ஆல்பங்கள் எவை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அதைப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு உத்திரமேரூரில் ஆரம்பித்த சண்டை ஒரகடம் போய் இறங்கும்வரை ஓயவில்லை.

"போகச்சொல்ல ஒன்றரை மணி நேரம், வரச்சொல்ல ஒன்றரை மணி நேரம், பத்து வருஷமா பாட்டு கேட்டுக்கினு கீறோம். நம்மள ஒருத்தனாவது கேட்டானா?" என்று பின்சீட்டு அக்கா ஒருத்தி சத்தம் போட்டாள்.

யாரும் கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

நான் வேலை செய்வது கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில். ஒரு காருக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற வயர்களைப் பெரிய போர்டின்மேல் வரிசையாக வைத்து, முனையில் கனெக்டர் மாட்டி, டேப் சுற்றி ஒரே கொத்தாக்க வேண்டும். லைனில் நிற்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். செல்போனை கம்பெனி கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போனால் சமையல், துணி, பிள்ளை. ஆகவே பாட்டு என்றால் எங்களுக்கு பஸ்தான்.

நான் சேர்ந்த புதிதில் பஸ்ஸில் பாட்டு டிரைவர் அண்ணன் கையில் இருந்தது. அவரிடம் ஒரே ஒரு பென்டிரைவ். காதலில் தோற்றவன் பாடும் பழைய பாட்டாகவே அதில் இருக்கும். காலையில் சாப்பிடாமல் ஏறி, வயது வந்த பெண்கள் நாற்பது பேர் யாரோ ஒருவனுடைய சோகத்தைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போவோம்.

மானாம்பதியில் ஏறுகிற ஒருத்திக்குத்தான் இது பொறுக்கவில்லை. ஒல்லியாக இருப்பாள், குரல் மட்டும் பஸ் முழுக்கக் கேட்கும். அவளை எல்லோரும் மானாம்பதிக்காரி என்றே கூப்பிடுவோம். லைனில் எனக்கு அடுத்த போர்டு அவளுடையது. ஒருநாள் போனை ஸ்பீக்கரில் சொருகுகிற ஒயர் ஒன்றைக் கொண்டுவந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, இன்னைக்கு ஒரு நாள் என் போன்ல போடறேன். புடிக்கலன்னா நாளைக்கு உங்க அழுகாச்சியே போடுங்க."

அவள் போட்டது அப்போது புதிதாக வந்திருந்த ஒரு சினிமா ஆல்பம். கம்போஸர் சின்னப் பையன். சாவுக்கு அடிக்கிற மேளத்தையும் எலெக்ட்ரிக் கிடாரையும் ஒன்றாக ஓடவிட்டிருந்தான். முதல் பாட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். டிரைவர் அண்ணன் விரல் ஸ்டியரிங்கில் தாளம் தட்டியது. மறுநாள் அவரே, "அந்த ஒயரு எங்கம்மா?" என்றார்.

அதுவரை நாங்கள் டீவியில் வருகிற ஒரு பாட்டை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளும் ஆட்கள். இந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அதே வரிசையில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டோம். திருமுக்கூடல் பாலத்தில் பஸ் ஏறும்போது நாலாவது பாட்டு வரும். கீழே பாலாற்றில் தண்ணீர் போகும். அந்தப் பாட்டில் வார்த்தைகள் முடிந்த பிறகு ஒரு புல்லாங்குழல் தனியாக வந்து போகும். அதுவரை பின்னணியில் வாசிக்கிறதை நான் கவனித்ததே இல்லை. "இப்ப வருது பாரு, இப்ப வருது பாரு" என்று ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு கேட்போம். எங்களில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆனபோது, ரிசப்ஷனில் டிஜே பாட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டான் என்று மேடையிலிருந்தே ஆள் அனுப்பி வரிசையைச் சரி பண்ணச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் மிரண்டு போனார்கள்.

காது அப்படித் திறந்துவிட்ட பிறகு நாங்களே தேட ஆரம்பித்தோம். இரண்டு மூன்று வருஷம் கழித்து மானாம்பதிக்காரி இரண்டாவது ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். அதில் படம் கிடையாது, ஹீரோ கிடையாது. பட்டணத்துப் பசங்க சிலர் சேர்ந்து, கானா மெட்டில் தங்கள் கதையைத் தாங்களே எழுதிப் பாடியிருந்தார்கள். சாக்கடைக்குள் இறங்குகிறவன் யார், ஊருக்கு வெளியே யார் வீடு இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று முகத்துக்கு நேராகக் கேட்கிற பாட்டுகள்.

முதல் பாட்டு பாதி ஓடும்போதே டிரைவர் அண்ணன் நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா இது, மீட்டிங் பாட்டு மாரி கீது. பேஜாரா பூடும். வேற போடு."

பஸ்ஸில் சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எந்த ஊரில் யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிடுவோம், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டோம். நான் காலனிப் பெண். உத்திரமேரூருக்கும் திருமுக்கூடலுக்கும் நடுவில் எங்கள் ஊர். பஸ் ஊர்த்தெருவில் வந்து நிற்கும், காலனிக்கு வராது. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு நாங்கள் ஆறு பேர் நடந்து வந்து ஏறுவோம். மழை பெய்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவோம்.

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்கே ஆச்சரியம்தான். "அண்ணா, போடுங்க. அது எங்க பாட்டு," என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பின்சீட்டு அக்கா ஊர்த்தெருக்காரி. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "போடுய்யா. கேட்டா இன்னா காது ஓட்டையா பூடும்?"

பாட்டு ஓடியது. அன்றும் ஓடியது, அடுத்த நாளும் ஓடியது. பொங்கல் லீவு வருவதற்குள் அந்த ஆல்பம் எல்லோருக்கும் மனப்பாடம். பாடிப் பாடிப் பழகிய வார்த்தைகள் பேச்சிலும் வர ஆரம்பித்தன. "நீங்க ஏன்டி அம்மாந்தூரம் நடந்து வர்றீங்க? பஸ்ஸு உள்ள வந்தா இன்னா?" என்று ஒருநாள் ஒருத்தி கேட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

கேள்வியோடு நாங்கள் ஆறு பேரும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனோம். மானாம்பதிக்காரியும் பின்சீட்டு அக்காவும் கூடவே வந்தார்கள். அங்கே இருந்த சார் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "ரோடு சின்னதும்மா. அங்க பஸ் திரும்பாது," என்றார்.

"பாத்தீங்களா சார்?" என்றேன்.

"டிரைவர் சொல்லுவாரு."

டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டார். முதல் நாள் பாட்டை நிறுத்திய மனுஷன். என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"திரும்பும் சார்," என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துக்கினு போய்ப் பாத்துட்டுதான் வந்தேன். தண்ணி டேங்க் கிட்ட இடம் கீது. ஒரு ரிவர்ஸ் அடிச்சா போதும்."

எங்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வெளியே வந்ததும், "ஏண்ணா, எங்க கிட்ட சொல்லவே இல்ல?" என்றேன். "தெனம் ஒன்றரை மணி நேரம் அந்தப் பசங்க என் காதுல கத்திக்கினே கீறானுங்க. நான் இன்னா மரமா?" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

பஸ் முதல்முதலாகக் காலனிக்குள் வந்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கம்பெனி பெயர் எழுதிய அவ்வளவு பெரிய வண்டி எங்கள் வீடுகளுக்கு நடுவில் மெல்ல ஊர்ந்து வந்தது. என் அம்மா பல் விளக்குகிறதை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் டேங்க் வரைக்கும் பின்னாடியே ஓடின. அண்ணன் ஒரே ரிவர்ஸில் திருப்பினார். ஏறும்போது பார்த்தால் அதே ஆல்பத்தின் முதல் பாட்டு, ஜன்னல் எல்லாம் அதிரும் சத்தத்தில். பஸ் முழுக்கக் கூடவே பாடியது. நான் பாடவில்லை. ஜன்னல் வழியாக அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு லைனில் நின்றபோது என் முதுகு நேராக இருந்தது. வயர் கட்டுகிறவள் எப்போதும் குனிந்தே நிற்பாள், அதனால் அது எனக்கே வித்தியாசமாகத் தெரிந்தது.

மூன்றாவது ஆல்பத்தைப் பற்றி யூடியூபில் உட்கார்ந்த அந்த நாலு பேர் பேச வாய்ப்பே இல்லை. அது மானாம்பதிக்காரியுடையது.

கொரோனா முடிந்து பஸ் திரும்ப ஓட ஆரம்பித்தபோது அவள் சொந்தமாக மெட்டுப் போட ஆரம்பித்திருந்தாள். வீட்டில் அடைந்து கிடந்தபோது வந்ததாம். பாட்டு எல்லாம் எங்களைப் பற்றியே இருக்கும். டேப் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல், ஷிப்ட் முடிந்து வருகிறவளிடம் பால் கேட்டு அழுகிற குழந்தை, பாலாற்றில் வெள்ளம் வந்து பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவைத்த நாள். ஒவ்வொரு பாட்டையும் பஸ்ஸில்தான் முதலில் பாடிக் காட்டுவாள். நாங்கள் குறை சொல்வோம். முகம் கோணாமல் கேட்டுக்கொண்டு மறுநாள் மாற்றி வருவாள்.

"ரெக்கார்ட் பண்ணுடி," என்று எல்லோரும் பிடித்துக்கொண்டோம்.

காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் சின்ன ஸ்டூடியோ. பக்திப் பாட்டும் கல்யாண வீடியோவுக்கு இசையும் போடுகிற இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு எட்டுப் பேர் போனோம். ரெக்கார்டிங் செய்கிற தம்பி எங்களைப் பார்த்ததும் தயங்கினார். "கோரஸ் பாட ஆளு வேற ஏற்பாடு பண்ணிக்கலாமா அக்கா? எல்லாரும் ஒரே சுதியில நிக்கணும்."

"ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லு நைனா," என்றாள் பின்சீட்டு அக்கா.

ஒரே மைக்கைச் சுற்றி நின்றோம். அவள் எடுத்துக் கொடுத்தாள், நாங்கள் சேர்ந்தோம். இத்தனை வருஷம் இன்ஜின் சத்தத்துக்கும் ஹாரனுக்கும் நடுவில், ஒருத்தர் குரலை இன்னொருத்தர் பிடித்துக்கொண்டு பாடியவர்கள் நாங்கள். அந்த அமைதியான ரூமில் எங்கள் குரல் இவ்வளவு சேர்ந்திருக்கும் என்று எங்களுக்கே தெரியாது. முடிந்ததும் தம்பி ஹெட்போனைக் கழற்றினார். "எங்க கத்துக்கினீங்கக்கா?"

"பஸ்ல," என்றோம்.

ஐந்து பாட்டு. அட்டைப் படத்துக்கு எங்கள் பஸ்ஸின் பின்பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டோம். நெட்டில் ஏற்றிய முதல் வாரம் நாங்களும் எங்கள் சொந்தக்காரர்களும்தான் கேட்டோம். பிறகு மெல்ல மெல்ல எங்கெங்கோ போக ஆரம்பித்தது. என் மகள் படிக்கிற பள்ளியில் ஆண்டு விழாவுக்கு அந்த வெள்ளப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடினார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஷிப்ட் முடிந்து பஸ்கள் நிற்கிற இடத்துக்கு நானும் மானாம்பதிக்காரியும் நடந்து வந்தோம். செய்யாறு பக்கம் போகிற பஸ்ஸிலிருந்து அவள் பாட்டு கேட்டது. அந்த பஸ்ஸில் வருகிற பெண்களோடு எங்களுக்குப் பழக்கமே இல்லை, அவர்கள் வேறு லைன். படியில் உட்கார்ந்து ஒரு புதுப் பெண் தலையை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். நானும் கூடவே, "பச்சை வயரு செவப்பு வயரு" என்று எடுத்தேன்.

அந்தப் பெண் பாட்டை நிறுத்தினாள். "தப்பு அக்கா. மொதல்ல செவப்பு, அப்புறம்தான் பச்சை."

பஸ்ஸில் பாடும்போது பச்சை முன்னால் இருந்தது, ஸ்டூடியோவில்தான் மானாம்பதிக்காரி மாற்றினாள். பழைய வாய் எனக்கு. மானாம்பதிக்காரி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரிம்மா, செவப்பே மொதல்ல," என்றேன். பிறகு அடக்க முடியவில்லை. "இது யாரு பாட்டுன்னு தெரியுமா? இவளுதுதான். கோரஸ்ல நானும் கீறேன்."

அவள் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா சொல்லாதீங்கக்கா. எங்க, பாடுங்க பாப்போம்."

மானாம்பதிக்காரி மூச்சை இழுத்துப் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே அந்தப் பெண் எழுந்து நின்று பஸ்ஸுக்குள் திரும்பி, "ஏய், எல்லாரும் எறங்குங்கடி! அந்தக்கா இங்க கீறாங்க!" என்று கத்தினாள். அவர்கள் இறங்கினார்கள். எங்கள் பஸ்ஸிலிருந்தும் இறங்கி வந்தார்கள். சிவப்பை முதலில் வைத்தே எல்லோரும் பாடினோம். டிரைவர் அண்ணன் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். அன்றைக்கு இரண்டு பஸ்ஸும் லேட்டாகத்தான் புறப்பட்டன.