பெரிய எழுத்து

மும்பை மாட்டுங்காவில் நான் காபி குடிக்கும் கடையில் முன்பின் தெரியாதவர்களோடுதான் மேஜையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எதிரில் உட்கார நேர்ந்தது. நெற்றியில் விபூதி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, ஓரம் உடைந்த லேப்டாப். டம்ளர் காலியானால் எழுப்பிவிடுவார்கள் என்று கடைசி வாய் காபியைக் குடிக்காமலே வைத்திருப்பார்.

சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்திருந்தார். இறந்துபோன மனைவியோடு போன காபிக் கடைகளைப் பற்றித் தமிழில் எழுதியிருந்தார். எனக்கும் அதன் முகவரியைக் கொடுத்திருந்தார். ஆனால் புதிதாக எதுவும் எழுதமாட்டார். எழுதியதன் நிறத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

“வாஷியில பையன் இருக்கான். அம்மாவைப் பத்தி எழுதியிருக்கேன், பாருடான்னேன். படிக்க முடியலைப்பான்னான். அதான் எழுத்தைப் பெருசு பண்ணிண்டிருக்கேன்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “சார், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் விரல் நின்றது. “நன்னாப் பேசுவானே” என்றார். லேப்டாப்பை மூடிக்கொண்டே, “எழுத்து சொல்லிக் குடுக்கலை. அவ சொல்லிண்டே இருந்தா. பம்பாயில அது எதுக்குன்னு நான்தான் விட்டுட்டேன்” என்றார்.

ஆறிப்போன அந்தக் கடைசி வாய் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. போன வாரம் அவருடைய வெப்சைட்டைத் திறந்தேன். எழுத்து இன்னும் பெரிதாகியிருந்தது. என் போனில் ஒரு சமயத்தில் ஓர் எழுத்துதான் தெரிந்தது. தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தமிழ் தெரிந்த எனக்கே படிக்க முடியவில்லை.