டொக்கின் அடியில் தொங்கிய பதினொரு கயிறுகள்

1. துப்புரவு

பதினொரு கயிறுகளையும் நான் வெட்டி முடித்தபோது மத்தியானம்கூட ஆகவில்லை. கத்தியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, மண்டியிட்டு, படகு கட்டும் மிதவை மேடையான டொக்கின் அடியை எட்டிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. அப்போது எனக்கு வந்த திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டோர்வல் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் கேபின் க்ளீனிங் செய்தவன் நான். பயணிகள் இறங்கியதும் நாங்கள் ஏறுவோம். அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் ஒரு கடதாசித் துண்டுகூட மிஞ்சக் கூடாது. ஆட்குறைப்பில் அந்த வேலை போனது. பிறகு, மொன்றியலுக்கு வடக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் சிறிய மரீனாவில், படகுத்துறையில், கோடைகால வேலை கிடைத்தது. கிழமையில் ஐந்து நாள் அங்கே ஓர் அறையில் தங்குவேன். மிச்ச இரண்டு நாளும் மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் வீடு.

அணை கட்டியதால் மூழ்கிப்போன பள்ளத்தாக்கு அது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே எழுபது அடி ஆழம். அந்த ஆழத்தில் தூண் நட முடியாது. அதனால் படகு கட்டும் டொக்குகள் எல்லாம் மிதவை. சங்கிலியால் கரையோடு பிணைத்திருப்பார்கள். தண்ணீர் ஏறினால் டொக்கும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

மரீனாவின் சொந்தக்காரி லீஸ். ஐம்பது வயது இருக்கும், அளந்துதான் பேசுவார். அன்று காலை எஞ்சின் சாமான் வாங்க டவுனுக்குப் போகும்போது டொக்கைக் கழுவி வைக்கச் சொன்னார். மேலே கழுவினால் போதும் என்று வேறு ஒருவனாக இருந்தால் விட்டிருப்பான். நான் அடியையும் பார்த்தேன். பாசி பிடித்த கயிறுகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றை இழுத்தேன். வழுவழுவென்று சேறு பூசிய, ஊசியிலை கொண்ட ஒரு ஸ்ப்ரூஸ் மரமும் அதன் அடியில் கட்டிய கொங்கிறீற் கல்லும் வந்தன. புயலில் விழுந்து சிக்கிய மரம் என்று நினைத்தேன். விழுந்த மரம் எப்படித் தானாகவே கல்லைக் கட்டிக்கொள்ளும் என்று யோசிக்கிற மூளை அன்றைக்கு லீவில் இருந்தது. வெட்டிவிட்டேன். பதினொன்றும் அடிக்குப் போயின.

லீஸ் திரும்பி வந்தார். அவர் பேசுவது பிரெஞ்சு. என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதுகிறேன்.

"சிவா, கயிறெல்லாம் எங்க?"

"வெட்டிப்போட்டன். கீழ ஒரே ஊத்தை."

அவர் ஒரு மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

2. வெறும் திரை

பிறகு என்னைச் சின்னப் படகில் ஏற்றி, டொக்கின் ஓரமாகவே மெல்ல ஓட்டினார். படகில் மீன் பார்க்கும் சோனார் இருந்தது. திரையில் மேலே ஒரு கோடு, எழுபது அடியில் இன்னொரு கோடு, நடுவில் ஒன்றுமில்லை. அவர் தன் போனில் போன வருடம் எடுத்த படத்தைக் காட்டினார். அதே இடம், அதே திரை. பன்னிரண்டு அடியிலிருந்து இருபத்தைந்து அடிவரை ஒரு மேகம் தொங்கியது. அத்தனையும் மீன்.

அந்த மீனுக்கு ஆங்கிலத்தில் க்ராப்பி, பிரெஞ்சில் மரிகான். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. வெள்ளி உடம்பில் மை தெளித்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். அது அடியிலும் கிடக்காது, மேலுக்கும் வராது. நடுத்தண்ணீரில் நிழலும் கிளையும் கண்டால் அங்கே கூட்டமாக நிற்கும். எழுபது அடி வெறும் தண்ணீரில் நிழல் தருவது டொக். கிளைக்கு ஏது வழி? லீஸின் அப்பாதான் மரங்களைக் கல் கட்டி டொக்கிலிருந்து தொங்கவிட்டவர். மரத்தில் பாசி பிடிக்க, பாசிக்குப் பூச்சிகள் வந்தன. பூச்சிக்குக் குஞ்சு மீன்களும், குஞ்சுகளுக்கு க்ராப்பியும் வந்தன. நான் ஊத்தை என்று சொன்னது வருடக்கணக்கில் விளைந்த ஒரு ஊர்.

"சனிக்கிழமை ரெயால் வாறார்," என்றார் லீஸ். "அவருக்கு நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

ரெயால், மொன்றியல் துறைமுகத்தில் கிறேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கால்கள் இயங்காது, சக்கர நாற்காலி. படகில் ஏற்ற முடியாது. ஆகவே அவர் மீன் பிடிக்கக்கூடிய ஒரே இடம் இந்த டொக். அவருடைய மகளுக்கு லீவு கிடைக்கும் ஒரே ஒரு சனிக்கிழமையில், ஜூலையில், வருவார். வருடத்தில் அவருக்கு இருக்கும் அந்த ஒரு நாளைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேன்.

3. அளவு நாடா

அன்று பின்னேரம் மனைவிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"இஞ்சாருங்கோ, மீன்ர வீட்டை இடிச்சுப்போட்டு நிக்கிறியளோ? பிளேனுக்குள்ள கூட்டின கை எங்க போனாலும் சும்மா இராது."

"வேலையை விட்டிட்டு வாறன் எண்டு நினைக்கிறன்."

"இடிச்ச வீட்டைத் திருப்பிக் கட்டிப்போட்டுப் பேந்து வாங்கோ."

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. மரீனாவுக்குப் பின்னால் உள்ள காட்டில் விழுந்து கிடந்த ஸ்ப்ரூஸ் மரங்களை லீஸின் அனுமதியோடு அறுத்தேன். கல் கட்டினேன். ஒவ்வொன்றையும் அளவு நாடா வைத்து, சரியாகப் பதினைந்து அடியில், ஒரே நேர்கோட்டில் இறக்கினேன். பத்து மரம் சொன்ன சொல் கேட்டன. பதினோராவதில் முடிச்சு வழுக்கி, மரம் சாய்ந்து இருபத்திரண்டு அடிக்கு இறங்கிவிட்டது. கை இரண்டும் தோல் உரிந்து எரிந்தன. நாளைக்கு நிமிர்த்தலாம் என்று விட்டுவிட்டேன்; அந்த நாளை வரவேயில்லை.

மாலையில் சோனாரோடு சுற்றிவந்தேன். புதனும் ஒன்றுமில்லை, வியாழனும் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை திரையைப் பார்க்கவே பயமாக இருந்தது. படகை எடுக்கவில்லை.

4. சனிக்கிழமை

காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்தியது. மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு டொக்கில் ஏறினாள். மடியில் தூண்டிலோடு ரெயால், கண்கள் தண்ணீரில். நான் அவருக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். தெரியாத இடத்தில் கையால் காட்டினேன்.

அவர் முகம் சிவந்தது. தேவாலயத்துச் சாமான்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி இங்கத்தைய பிரெஞ்சுக்காரர் திட்டும் ஒரு முறை இருக்கிறது. அதில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு கேட்டார்.

"திருப்பிக் கட்டினதெண்டு சொன்னீர். எத்தனை அடியில?"

"எல்லாம் பதினைஞ்சு. டேப் வைச்சு அளந்தனான்."

"கப்பல்ல பெட்டி அடுக்கினனீரோ? இந்தக் கிழமை முழுக்க நெருப்பு வெயில். மேல் தண்ணி கொதிக்குது. மீன் ஏன் பதினைஞ்சுக்கு வரப்போகுது?"

"ஒண்டு மட்டும் வழுக்கி இருபத்திரண்டுக்குப் போட்டுது. கோணலாக் கிடக்கு."

"அங்க தள்ளும் என்னை."

தள்ளினேன். பனிக்காலத்தில் ஐஸ் துளைக்குள் இறக்கும் சின்னக் கமராவை லீஸ் எடுத்துவந்தார். வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். திரையில் பச்சை, இன்னும் பச்சை. பதினைந்து அடியில் என் நேர்த்தியான மரம் ஒன்று தூரத்தில் வெறுமையாக நின்றது. இருபது அடி. ஒரு கிளை தெரிந்தது. அதன் பின்னால் ஒரு கண்.

பிறகு கண்களாகவே வந்தன. சாய்ந்த மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் இடையில் க்ராப்பிகள் நின்றன. மூக்கை லேசாக மேலே தூக்கிக்கொண்டு, துடுப்பு மட்டும் மெல்ல அசைய, ஒன்றோடொன்று முட்டாமல் நின்றன. மேலிருந்து வந்த வெளிச்சம் பட்டு ஒவ்வொன்றும் மினுங்கி அணைந்தது. இவ்வளவு பெரிய தண்ணீரில், நான் கட்டிய பிழையான முடிச்சை இவை எப்படிக் கண்டுபிடித்தன? யார் போய் இவற்றுக்குச் சொன்னது? நாங்கள் நாலு பேரும் கோயிலில் சாமி பார்ப்பதுபோல் பார்த்தோம்.

ரெயால் ஜிக்கை இறக்கினார். ஜிக் என்பது நகக்கண் அளவு ஈயமும் இறகும் கட்டிய தூண்டில் முள். நூலை விரலால் தொட்டபடியே அடியை எண்ணினார். இருபதில் நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் இறக்கட்டுமே என்று என் வாய்வரை வந்தது.

"இதின்ர கண் மேலதான் பாக்கும்," என்றார். "தலைக்கு மேல பிடிக்கவேணும். கீழ போனா அதுக்கு இல்லாத சாமான். நாப்பது தொன் பெட்டியையும் நான் இப்பிடித்தான் இறக்கினனான். அவசரப்பட்டா கீழ நிக்கிற ஆள் முடிஞ்சுது."

நூல் இழுபடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இழுபடவில்லை, தளர்ந்தது. மீன் மேலே எழும்பி வாயில் வாங்கியிருந்தது. அவர் வெட்டி இழுக்கவும் இல்லை. க்ராப்பியின் வாய் கடதாசி மாதிரி, இழுத்தால் கிழிந்துவிடும். தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் தூக்கினார்.

மத்தியானம்வரை பிடித்தார். வீட்டுக்குச் சில போதும் என்று எடுத்துக்கொண்டார். கடைசியாக வந்தது வாலில் ஒரு துண்டு இல்லாத மீன். அதை என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்து, துடித்து, என்னையே பார்த்தது.

"தண்ணியில விடும்," என்றார்.

குனிந்து தண்ணீருக்குள் கையைத் திறந்தேன். கமராவைத் தூக்கப் போன லீஸை ரெயால் கையைக் காட்டி மறித்தார். திரையில் அது தெரிந்தது. வால் குறைந்த மீன் கிளைகளின் ஊடே இறங்கி வந்தது. மற்றவை கொஞ்சம் விலகின. தனக்கென்று விட்டிருந்த இடைவெளியில் போய், மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"நாளைக்கு மற்றப் பத்தையும் இறக்கும்," என்றார் ரெயால். "ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஆழத்தில. அடுத்த ஜூலை வந்து பாப்பன்."

லீஸ் என்னைப் பார்த்தார். அடுத்த ஜூலையில் நான் அங்கே இருப்பேனா என்று எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது.

"இறக்குவார்," என்றார் லீஸ்.